லோயரும் வேண்டாம், ஹையரும் வேண்டாம்

மாலையானால் ஸ்ரீரங்கத்து வீதிகளிலும் திருச்சி தெப்பக்குளம் பக்கமும் டைப் கிளாஸ் சத்தம் கேட்ட காலம் பலருக்கு நினைவிருக்கும். தட்டச்சுத் தேர்வில் லோயருக்கு நிமிடத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. சர்க்கார் வேலைக்கு வழி அது. பார்க்காமல் தட்டும் அதே வித்தை டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளைக்கும் கைகொடுக்கும். சொல்லித்தரும் விதம்தான் மாற வேண்டும்.

டிஸ்லெக்ஸியா அறிவுக் குறைவு அல்ல. ஒலியையும் எழுத்தையும் இணைப்பதில் வரும் சிரமம். பதிலைக் கடகடவென்று வாயால் சொல்கிற பிள்ளை, எழுதச் சொன்னால் திணறும். விசைப்பலகையில் எழுத்தை வரைய வேண்டியதில்லை. விரல் பழகிவிட்டால் தேடவும் வேண்டியதில்லை.

தமிழில் இன்னொரு சங்கதி உண்டு. ‘கொ’ என்று சொல்லிப் பாருங்கள். ககர ஒலி முன்னால், ஒகரம் பின்னால். எழுதும்போதோ கொம்பு முதலில், பிறகு க, அப்புறம் கால். பழைய தட்டச்சுப் பொறியிலும் இதே வரிசைதான், மூன்று தட்டு. 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் க, ஒ என்று இரண்டே தட்டு. வாய் சொல்லும் வரிசையிலேயே விரலும் போகிறது. உயிரெழுத்தெல்லாம் இடது கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கு. தமிழை ஆங்கில எழுத்தில் கூட்டி அடிக்கிற முறை இந்தப் பிள்ளைகளுக்கு இரட்டைச் சுமை. என்னைக் கேட்டால் அது வேண்டாம்.

டைப் கிளாஸில் முதல் நாள் ‘ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்’ என்று பக்கம் பக்கமாக அடிக்க விடுவார்கள். எழுத்தைக் கண்டாலே மிரளும் பிள்ளைக்கு அர்த்தமில்லாத எழுத்துக் கும்பல் எதற்கு? தமிழ்99இன் நடு வரிசையிலேயே நதி, அமுது, இதயம் எல்லாம் கிடைக்கின்றன. அவற்றை வாய்விட்டுச் சொல்லியபடி தட்டட்டும். தினம் பத்து, பதினைந்து நிமிடம் போதும். கடிகாரம் வேண்டாம். தப்பானால் அழித்துவிட்டு மறுபடி அடிக்கட்டும். பிழைக்கு மார்க் குறைக்க இது லோயர் பரீட்சை இல்லையே.

டிஸ்லெக்ஸியா போன்ற கற்றல் குறைபாட்டை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றிருக்கிறது. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் உண்டு, சொல்வதை எழுத ஆளும் உண்டு. சி.பி.எஸ்.இ. பிள்ளைகள் கணினியிலேயே விடையளிக்க அனுமதி கேட்கலாம். அதற்கு விரல் தயாராக இருக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் தொடங்கினால் காலம் பற்றாது. ஆறாம் வகுப்பு விடுமுறையிலேயே உட்கார வையுங்கள்.