வில்லுக்கு மேற்பூச்சு
(இளைஞர் மன்றக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வில் செய்தல் என்றதும் மரத்தைத் தெரிவதும், செதுக்குவதும், வளைத்துப் பார்ப்பதுமே நம் நினைவுக்கு வருகின்றன. எல்லாம் முடிந்தபின் பூசப்படும் மேற்பூச்சை ஓர் அலங்காரமென்றே பலர் கருதுகின்றனர். அது அலங்காரமன்று; மரத்துள் நீர் புகாதபடி அடைக்கும் கதவு. இதுவே இன்று நான் சொல்ல வந்த செய்தி.

பண்டை வில்லாளர் இதனை நன்கறிந்திருந்தனர். துருக்கியர் மரத்தோடு கொம்பையும் விலங்கின் தசைநாரையும் ஒட்டி வில் செய்தனர். ஒட்டிய பசையும் விலங்கிலிருந்து காய்ச்சியெடுத்ததே; ஈரம் பட்டால் இளகிவிடும். ஆதலின் வில்லின்மேல் மெல்லிய தோலோ மரப்பட்டையோ போர்த்து, அதன்மேல் வார்னிஷ் பூசினர். கொரிய நாட்டார் தம் கொம்பு வில்லை வெதுவெதுப்பான பெட்டியில் வைத்துக் காப்பர். யப்பானியர் மூங்கில் வில்லுக்கு உருஷி என்னும் மரப்பாலைப் பூசுவதுண்டு. இதில் ஒரு விநோதம்: நமது வார்னிஷ் ஈரக்காற்றில் உலரச் சுணங்கும், உருஷியோ ஈரக்காற்று இருந்தாற்றான் இறுகும்.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் கண்ணாடி இழை, அதாவது பைபர்கிளாஸ், வில்லிற் பரவலாயிற்று. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வில் செய்த பிரெட் பெயர் (1902–1988) அதனைப் பரப்பியோருள் ஒருவர். மெல்லிய மரப்பட்டிகைகளை நடுவில் வைத்து, முன்னும் பின்னும் பைபர்கிளாஸ் வைத்து, எப்பொக்சிப் பசையால் ஒட்டி இறுக்குவர். வில்லை வளைக்கும்போது ஒரு புறம் இழுபடும். மறு புறம் நெருங்கும். அவ்விரு புறத்துப் பாரத்தையும் பெரிதும் தாங்குவது கண்ணாடி இழையே. அது நீரைக் குடியாது.

அப்படியாயின் பூச்சு எதற்கு? வில்லின் விளிம்பைப் பாருங்கள். அங்கே மரம் வெளியே தெரிகின்றது. கைப்பிடியோ பெரும்பாலும் மரமே. நாண் மாட்டும் குதையை அரத்தால் அராவும்போது, அங்கும் மரம் வெளிப்படுகின்றது. மரம் ஈரத்திற் பருக்கும், காய்ந்தாற் சுருங்கும். கண்ணாடி இழை அவ்வாறு அசையாது. இரண்டுக்கும் இடையே அகப்பட்டு அல்லற்படுவது பசை. ஒரு மயிர்க்கோடாகத் தொடங்கும் பிரிவு நாளடைவில் நீளும். நாணை முகம்வரை இழுத்து நிற்கையில் வில் பிளந்தால் என்னாகும் என்பதை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

பூசுமுன் வில்லின் வேலை முற்றும் முடிந்திருத்தல் வேண்டும். இரு கைகளும் ஒத்து வளைகின்றனவா என்று பார்த்து, பல அம்புகள் எய்தும் பார்த்த பின்பே பூச்சைத் தொடுக. பிறகு ஓரிடத்தை அராவினாலும் பூச்சுக் கெடும். 120ஆம் இலக்க அரத்தாளில் தொடங்கி, 220, 320 என்று ஏறுக. கண்ணாடித் தூள் தோலுக்கும் ஆகாது, நுரையீரலுக்கும் ஆகாது. தகுந்த முகமூடியும் நீண்ட கைச்சட்டையும் அவசியம். கைப்பிடி ஈட்டி இனத்து மரமாயின் அதிலுள்ள இயற்கை நெய் பூச்சை உலரவிடாது. அசற்றோன் தொட்ட துணியால் முதலில் துடைத்துக்கொள்க.

எதைப் பூசுவது? ஆளிவிதை எண்ணெய், துங் எண்ணெய் போன்றவை கைக்கு இனியவை, பூசுவதும் எளிது; ஆனால் நீரைத் தடுப்பதிற் பொலியூறித்தேனுக்குப் பின்னேதான் நிற்கும். விளிம்புக்குப் பொலியூறித்தேனே என் தெரிவு. எதுவாயினும் வில்லோடு சேர்ந்து வளையவேண்டும். வளையாத பூச்சு வெடிக்கும், வெடிப்பு வழியே நீர் புகும். ஒரு தடித்த பூச்சிலும் மூன்று நான்கு மெல்லிய பூச்சுக்கள் நன்று. நுனியிற் பாரம் ஏறினால் அம்பின் வேகம் குறையும் என்பதையும் நினைக. கண்ணாடிபோல் மின்னும் வில்லைச் சிலர் விரும்புவர். எனக்கு அதில் விருப்பமில்லை; வேட்டைக்காரருக்கும் இல்லை, அந்த மினுக்கம் மானுக்குத் தெரிந்துவிடும்.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். இவ்வெண்ணெய்கள் ஒட்சிசனோடு சேர்ந்தே உலர்கின்றன. அப்போது வெப்பம் பிறக்கும். சுருண்ட துணியில் அவ்வெப்பம் வெளியேற வழியின்றி, தீக்குச்சி இல்லாமலே தீப்பற்றுவதுண்டு. வெளியே விரித்து உலர்த்துக, அல்லது நீரில் ஊறவிடுக. வில்லைக் காப்பாற்றப் போய் வீட்டை இழக்கலாகாது.

பூச்சு நன்றாக இறுகும்வரை, சில நாள் பொறுத்து நாண் ஏற்றுக. அம்பு உராயும் இடத்திற் பூச்சு முதலிலே தேயும். அதனை அடிக்கடி பார்த்து மீண்டும் பூசுக. வெயிலில் நிறுத்திய காருக்குள் வில்லை விடாதீர்கள். அவ்வெப்பத்தில் எப்பொக்சியும் இளகக்கூடும், அதற்கு எந்தப் பூச்சும் காவலாகாது.

பூசியதும் பூசாததுமான சில மரத்துண்டுகளை நேற்றிரவு முதல் நீரில் இட்டு இம்மேசைமேல் வைத்திருக்கிறேன். தம்பிமார் வந்து தொட்டுப் பாருங்கள்.