மறைந்திருப்பதைத் தேடும் விளையாட்டு
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது நம் மரபு. இவ்வாண்டு அம்மரபிலிருந்து சற்றே விலகி, ஒரு விளையாட்டைப் பற்றிப் பேச முற்படுகின்றோம். நம் பிள்ளைகளின் கால்களுக்கும் அறிவுக்கும் ஒருசேர வேலை தரும் விளையாட்டு அது. 'வானொலி நரி வேட்டை' என்பது அதன் பெயர்.

பெயரைக் கேட்டு எவரும் அஞ்ச வேண்டா. இதில் நரியும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. நரியைப் பரியாக்கிய திருவிளையாடலை நாம் அறிவோம். இங்கோ, சோற்றுத் தூக்கு அளவே உள்ள ஒரு பெட்டியை நரியாக்கி விடுகின்றார்கள். அப்பெட்டிக்குள் இருப்பது ஒரு சிறு ஒலிபரப்பி. அதைப் புதரிலோ பாறை இடுக்கிலோ மறைத்து வைத்துவிட்டால், அது குறித்த நேரத்தில் குரல் கொடுத்துக்கொண்டே இருக்கும். கையில் ஒரு வானொலி வாங்கியும், ஒரு திசைகாட்டியும், ஒரு நிலப்படமும் கொண்டு, கால்நடையாகவே சென்று அதைக் கண்டுபிடிக்க வேண்டும். அவ்வளவே ஆட்டம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வட ஐரோப்பிய நாடுகளில் வளர்ந்த விளையாட்டு இது. 1961ஆம் ஆண்டில் சுவீடனின் தலைநகரான ஸ்டாக்ஹோமில் ஐரோப்பியப் போட்டி நடைபெற்றது. 1980இல் போலந்தில் முதல் உலகப் போட்டி நடைபெற்றது. பல நாட்டு வீரர்கள் இன்றும் காடுகளில் கூடி இதனை ஆடி வருகின்றனர்.

போட்டியின் முறை எளியது. காட்டில் ஐந்து ஒலிபரப்பிகள் மறைக்கப்பட்டிருக்கும். ஐந்தும் ஒரே அலைவரிசையில், ஆளுக்கு ஒரு நிமிடம் என்று முறை வைத்துப் பேசும். ஐந்து நிமிடத்தில் ஒரு சுற்று முடிந்து, மீண்டும் முதலாவது தொடங்கும். அவை பேசுவது மோர்ஸ் மொழி. எம், ஓ என்னும் இரண்டு எழுத்துகளைச் சொல்லிவிட்டு, முதற்பெட்டி ஒரு புள்ளியும், இரண்டாவது இரண்டு புள்ளியும், இவ்வாறே ஐந்தாவது ஐந்து புள்ளியும் ஒலிக்கும். ஆகவே மோர்ஸ் பயிலாத குழந்தையும் புள்ளிகளை எண்ணி, இது எத்தனையாம் பெட்டி என்று சொல்லிவிடலாம். எதை முதலில் தேடுவது, எதைக் கடைசியாகத் தேடுவது என்பது ஆடுபவரின் முடிவு. ஒரு நிமிடம் ஒலித்து நான்கு நிமிடம் மௌனம் காக்கும் அக்குரலை நினைவில் வைத்து நடப்பதிலேதான் திறமை அடங்கியுள்ளது. ஓடத் தெரிந்தவன் எல்லாம் வென்றுவிடுவதில்லை. நின்று கேட்கத் தெரிந்தவனே வெல்கின்றான்.

திசையை எவ்வாறு அறிவது என்று தாய்மார்கள் கேட்கக்கூடும். வீட்டில் பழைய டிரான்சிஸ்டர் பெட்டி இருந்தால் இன்றிரவே சோதித்துப் பார்க்கலாம். மத்திய அலையில் ஏதேனும் ஒரு நிலையத்தை வைத்துக்கொண்டு, பெட்டியைத் தட்டாமாலை போல் மெல்லச் சுழற்றுங்கள். ஓரிடத்தில் ஓசை ஓங்கும், ஓரிடத்தில் அடங்கிவிடும். பெட்டிக்குள் இருக்கும் பெரைட் என்னும் கருந்தண்டின் முனை நிலையத்தை நோக்கும்போது ஓசை அடங்குகின்றது. ஓசை மிகும் இடத்தைவிட, அடங்கும் இடமே திசையைக் கூர்மையாகக் காட்டும். தண்டுக்கு இரண்டு முனைகள் இருத்தலால், நரி முன்னே உள்ளதா பின்னே உள்ளதா என்ற ஐயம் எழும். சற்றுத் தொலைவு நடந்து மற்றோர் இடத்திலிருந்து மீண்டும் கேட்க வேண்டும். இரண்டு இடங்களிலிருந்தும் படத்தின்மேல் கோடு இழுத்தால், கோடுகள் வெட்டும் இடத்தில் நரி இருக்கும்.

இவ்விளையாட்டுக்கு இரண்டு அலைவரிசைகள் வழக்கில் உள்ளன. ஒன்று 3.5 மெகாஹெர்ட்ஸ், மற்றொன்று 144 மெகாஹெர்ட்ஸ். பின்னது பாறையிலும் குன்றிலும் பட்டுத் தெறித்து, இல்லாத இடத்தில் இருப்பதுபோல் ஏமாற்றும். ஆகவே, பாறைக் குன்றுகள் நிறைந்த நம் பகுதியில் புதியவர்கள் முன்னதில் தொடங்குவதே நலம்.

நண்பர்களே, எங்கோ சுவீடனில் வளர்ந்த விளையாட்டு நமக்கு எதற்கு என்று எண்ண வேண்டா. மறைந்திருப்பதைத் தேடுவது நம் குடும்பத் தொழில் அன்றோ! வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் நம் பாட்டன்மார் இங்கு வந்தது, மண்ணுக்குள் மறைந்திருந்த பொன்னைத் தேடுவதற்கே. மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் அவர்கள் தேடினார்கள். பாறை வெடித்து லயங்கள் அதிர்ந்த இரவுகளில், எந்தச் சுரங்கம், எந்த மட்டம் என்று அறியாமல் கலங்கி நின்ற தாய்மார்கள் இவ்வவையிலும் இருக்கின்றீர்கள். பின்னாளில் மேலும் கீழும் அதிர்வறி கருவிகளை நிறுவி, ஒவ்வொரு கருவியையும் அதிர்வு எந்த நொடியில் எட்டியது என்று ஒப்பிட்டு, பாறை எங்கே வெடித்தது என்று கண்டறிந்தார்கள். நரி வேட்டையின் கணக்கும் இதற்கு உறவுடையதே. ஓரிடத்திலிருந்து கேட்டால் ஐயம். பல இடங்களிலிருந்து கேட்டால் தெளிவு. 1965ஆம் ஆண்டில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார், ஜப்பானிய, ஆங்கிலேய அறிஞர்களுடன் சேர்ந்து, கண்ணுக்குப் புலனாகாத நியூட்ரினோ என்னும் துகளின் தடத்தைக் கண்டதும் இம்மண்ணின் ஆழத்திலேதான்.

2001ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. அன்று முதல் நம் இளைஞர்களின் பிழைப்பு மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் விடியற்கால ரயிலோடு கட்டுண்டு கிடக்கின்றது. இருள் பிரியுமுன் போகின்றார்கள், இருட்டிய பின் வருகின்றார்கள். பிறந்த ஊரின் ஒற்றையடிப் பாதை எதையும் அறியாத ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. பாட்டன் பூமியின் அடியை அறிந்திருந்தான். பேரன் அதன் மேற்பரப்பையும் அறியவில்லை. இதுவே எங்கள் கவலை. வேலை தருவது சங்கத்தின் கையில் இல்லை. ஆனால் ஊரை அறிமுகம் செய்து வைப்பது சங்கத்தின் கையில் இருக்கின்றது.

அதற்குப் பேத்தமங்களாவே ஏற்ற இடம். கைவிடப்பட்ட குழிகளும் சயனைடு மண்மேடுகளும் உள்ள சுரங்கப் பகுதியில் பிள்ளைகளை ஓடவிடுதல் ஆகாது. மின்கம்பியும் இரும்பு வேலியும் அலையின் திசையையும் பிறழச் செய்யும். பேத்தமங்களாவிலோ ஏரிக்கரையும், தோப்பும், கேழ்வரகுக் கொல்லையும், சிறு பாறைகளும் அமைந்துள்ளன. மேலும் அது நமக்கு அயலூர் அன்று. நம் லயங்களின் குழாயடிகளில் குடங்களை நிறைத்தது பேத்தமங்களா ஏரியின் நீர். அந்த ஏரியை நிறைப்பது பாலாறு. அதே பாலாறுதான் ஆந்திரத்தைக் கடந்து வாணியம்பாடி, ஆம்பூர் வழியே நம் முன்னோர் பிறந்த மண்ணுக்குப் போகின்றது. அந்தக் கரையில் ஒரு நாள் முழுதும் நடக்கும் பிள்ளைக்கு, எங்கிருந்து வந்தோம் என்பதைப் பாடம் நடத்திச் சொல்ல வேண்டியதில்லை.

சட்டத்தையும் மறத்தல் ஆகாது. ஒலிபரப்பியை இயக்குவதற்கு அரசின் அமெச்சூர் வானொலி உரிமம் வேண்டும். தேர்வு எழுதினால் பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் அதனைப் பெறலாம். வானலையின் வலிமையை அறிந்தே அரசுகள் அதனைக் காவல் செய்கின்றன. போர் மூண்ட 1939ஆம் ஆண்டில் இந்நாட்டின் அமெச்சூர் உரிமங்களை ஆங்கில அரசு விலக்கிவிட்டது. எனினும் 1942 ஆகஸ்டுத் திங்களில், உஷா மேத்தா என்னும் இருபத்திரண்டு வயது நங்கையும் தோழர்களும் பம்பாயில் மறைவாகக் காங்கிரஸ் வானொலியைத் தொடங்கினார்கள். மறைவிடத்தை மாற்றி மாற்றி, ஏறத்தாழ மூன்று மாதம் போலீசுக்குப் போக்குக் காட்டினார்கள். நவம்பர் 12ஆம் நாள் பிடிபட்டுச் சிறை சென்றார்கள். அன்று உயிரைப் பணயம் வைத்து நடந்த வேட்டை, இன்று நம் பிள்ளைகளுக்கு விளையாட்டாகக் கிடைக்கின்றது.

விளையாட்டு என்றாலும் வீண் பொழுதன்று. விபத்துக்குள்ளான கப்பலும் விமானமும் எழுப்பும் அபாயக் குரலைத் தேடி, மீட்புப் படையினர் இன்றும் இதே முறையில்தான் நெருங்குகின்றார்கள். 2004 டிசம்பர் 26இல் சுனாமி தாக்கியபோது, அந்தமானில் தங்கியிருந்த பாரதி பிரசாத் என்னும் அமெச்சூர் வானொலி அம்மையார் தம் கருவியால் தீவின் செய்திகளை வெளியுலகுக்கு எட்டச் செய்தார். பொழுதுபோக்காகக் கற்றது பேரிடரில் கைகொடுத்தது.

ஆகவே சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கின்றோம். மழை ஓய்ந்த தைத் திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெங்களூரிலிருந்து உரிமம் பெற்ற அன்பர் ஒருவரை அழைத்து, பேத்தமங்களாவில் முதல் வேட்டையை நடத்துவோம். ஐந்து பெட்டிகள் வேண்டா, இரண்டு போதும். கொல்லைக்காரர்களிடம் முன்னரே இசைவு பெறுவோம். நீரோரத்தில் பெட்டி வைக்கலாகாது என்று விதி செய்வோம். சிறுவர்களைத் தனியே விடாது இருவர் இருவராக அனுப்புவோம். உலகப் போட்டிகளில் பெண்களுக்கும் முதியோருக்கும் தனித்தனிப் பிரிவுகள் உள்ளன. நம் வேட்டையிலும் பாட்டனும் பேத்தியும் ஒரு கட்சியாக இறங்கட்டும். பாறையைத் தட்டி, ஓசையைக் கேட்டே அதன் உறுதியை அறிந்த செவிகள் இன்னும் நம்மிடையே இருக்கின்றன. அச்செவிகள் இருக்கும்போதே நம் பிள்ளைகள் அவற்றின் அருகில் நின்று கேட்கப் பழகட்டும்.

கட்டுப்பொட்டலத்தை மகளிர் குழுவினர் கவனித்துக்கொள்வார்கள் என்று நம்புகின்றோம். பெயர் கொடுக்க விரும்பும் பிள்ளைகள் இன்று விழா முடிந்ததும் செயலாளரைக் காணலாம்.