ஈரல் சுருக்க நோய்: வாழ்நாளைத் தீர்மானிப்பவை எவை?

(அரசு அலுவலர்களும் முதுகலை மாணவர்களும் பங்கேற்ற பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



நான் மருத்துவன் அல்லன், பொருளாதாரம் பயின்றவன். எனினும் ஈரல் சுருக்க நோயைப் பற்றிப் பேச முன்வந்ததற்குக் காரணம் உண்டு. இந்நோயாளியின் வாழ்நாளை மருத்துவமனைக்குள் நிகழ்வன மட்டும் தீர்மானிப்பதில்லை. வருமானம், உணவு, தொலைவு, கடன் ஆகியவையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

மது, பி மற்றும் சி வகைக் காமாலைக் கிருமிகள், உடற்பருமனையும் நீரிழிவையும் ஒட்டி ஈரலில் சேரும் கொழுப்பு ஆகியவை ஆண்டுக்கணக்கில் தாக்குவதால் ஈரல் தழும்பேறி இறுகுகிறது. இதுவே சிரோசிஸ்.

இரு கட்டங்கள்

முதற்கட்டத்தில் வெளிக்குறி எதுவும் தெரியாது. அடுத்த கட்டத்தில் வயிற்றில் நீர் கோத்தல், இரத்த வாந்தி, மஞ்சள் காமாலை, அறிவு மயக்கம் ஆகியவை தோன்றுகின்றன. பல ஆய்வுகளைத் தொகுத்து 2006ஆம் ஆண்டில் வெளிவந்த மதிப்பீட்டின்படி, முதற்கட்ட நோயாளிகளில் பாதிப்பேர் 12 ஆண்டுகளுக்கு மேல் வாழ்கின்றனர். அடுத்த கட்டத்திலோ இக்காலம் ஏறத்தாழ 2 ஆண்டுகளாகக் குறைந்துவிடுகிறது. ஆகவே, நோய் எப்போது கண்டறியப்படுகிறது என்பதே முதற்கேள்வி. கூலி இழப்புக்கு அஞ்சி மருத்துவமனைக்குச் செல்லாதவருக்கு அந்த முதற்கட்டம் அறியாமலே கழிந்துவிடுகிறது.

காரணத்தை அகற்றுதல்

மதுவை அறவே விட்டவரின் நிலை, நோய் முற்றிய பின்னும் சீர்படக்கூடும். ஆனால், அறிவுரை மட்டும் போதாது. போதை மீட்புச் சிகிச்சையும் குடும்பத்தின் துணையும் தேவை. 'குடிகாரனின் நோய்' என்ற பழிச்சொல், மதுவையே தொடாத நோயாளிகளையும் மறைந்து வாழச் செய்கிறது.

சி வகைக் கிருமியை 12 அல்லது 24 வார மாத்திரைச் சிகிச்சையால் பெரும்பாலோரிடமிருந்து ஒழிக்க முடிகிறது. பஞ்சாப் மாநிலம் 2016ஆம் ஆண்டில் இம்மருந்தை இலவசமாக வழங்கத் தொடங்கியது. 2018 ஜூலையில் தொடங்கிய தேசிய வைரஸ் ஈரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டம், பி, சி வகைகளுக்கான சோதனையையும் சிகிச்சையையும் நாடெங்கும் கட்டணமின்றி அளிக்க வழி செய்தது. பி வகைக்கான தடுப்பூசி 2011ஆம் ஆண்டில் நாடு முழுமைக்கும் விரிவாக்கப்பட்டது.

உணவும் மருந்தும்

ஈரல் நோயாளிக்குப் பருப்பும் முட்டையும் பாலும் ஆகா என்பது பழைய கருத்து. உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தேவை என்பதே இன்றைய மருத்துவ நெறி. இரவு படுக்குமுன் சிறிது உண்பதும் தசை கரைவதைத் தடுக்க உதவுகிறது. ஏழைக் குடும்பத்தில் இப்புரதம் விலை கொடுத்து வாங்க வேண்டிய மருந்துக்கு ஒப்பாகும்.

இரத்தக் கசிவைத் தடுக்கும் புரோப்ரனலால், அறிவு மயக்கத்தைத் தணிக்கும் லாக்டுலோஸ், நீர்க்கோவையைக் குறைக்கும் ஸ்பைரோனோலாக்டோன் ஆகியவை தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவை. ஆறு மாதங்களுக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்தால் ஈரல் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே காணலாம். இவை தொடர்ந்து கிடைத்தால்தான் பயன். இடையில் நின்றால், பல நாள் உள்நோயாளியாக இருக்கும் செலவு குடும்பத்தைக் கடனில் ஆழ்த்துகிறது.

எங்கே செலவிடுவது?

ஈரல் மாற்று அறுவை பல இலட்சம் ரூபாய் செலவில் ஒருவரின் உயிரைக் காக்கிறது. அது தேவையற்றது என நான் கூறவில்லை. ஆனால் மாவட்ட மருத்துவமனையில் எண்டோஸ்கோப்பிக் கருவியும், மருந்துக் கிடங்கில் தட்டுப்பாடின்மையும், நோயாளியைத் தேடிச் செல்லும் ஊழியரும் இருப்பின், அறுவையை நாட வேண்டிய நிலையே பலருக்கு வராமற் போகும். வரவு செலவுத் திட்டத்தில் முன்னுரிமை வகுக்கும்போது இதனை நாம் மறத்தலாகாது.

நாளை கோப்புகளில் கையொப்பமிடப்போகும் மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன். மருந்து கொள்முதலுக்கான கோப்பு ஒரு மாதம் மேசையில் தேங்கினால், அந்தத் தாமதத்தின் விலையைச் செலுத்துபவர் நோயாளியே.