ஆயுள் தண்டனையும் மேலவளவின் கேள்வியும்



ஆயுள் தண்டனையால் உண்மையில் பயன் ஏதும் உண்டா? இந்தக் கேள்வியைக் கேட்கும்போது நாம் இரண்டு பக்கமும் நிற்கிறோம். சாதிப் படுகொலை நடக்கும்போதெல்லாம் ஆயுள் தண்டனை கேட்டு வீதிக்கு வருகிறவர்கள் நாம். வக்கீல் வைக்க வசதியில்லாமல் சிறையில் கிடப்பவர்களிலும் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மேலவளவை எடுத்துக்கொள்வோம். 1996இல் அந்த ஊராட்சித் தலைவர் பதவி தனித்தொகுதியானது. மிரட்டலுக்குப் பயந்து வேட்புமனுக்கள் திரும்பப் பெறப்பட்டன, தேர்தல் தள்ளிப்போனது. அதையும் மீறி நின்று வென்றவர் முருகேசன். 1997 ஜூன் 30 அன்று, மதுரை ஆட்சியர் அலுவலகம் போய்த் திரும்பும் வழியில், அவர் வந்த பேருந்தை மறித்து அவரையும் மேலும் ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். 2001இல் சேலம் நீதிமன்றம் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2006இல் உயர் நீதிமன்றமும் 2009இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தன.

ஆனால் 2008இலேயே அண்ணா நூற்றாண்டு என்று மூவர் விடுவிக்கப்பட்டார்கள். ஒருவர் இறந்துபோனார். மீதி 13 பேரும் 2019 நவம்பரில், எம்.ஜி.ஆர். நூற்றாண்டின் பெயரால் வெளியே வந்தார்கள். ஆண்ட கட்சி மாறியது, தலைவரின் பெயர் மாறியது, வழக்கம் மாறவில்லை.

ஆயுள் தண்டனை என்றால் ஆயுள் முழுவதும்தான் என்று 1961இலேயே கோட்சே சகோதரர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கொலைக் குற்றத்தில் 14 ஆண்டுகள் முடியாமல் விடக்கூடாது என்று 1978இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 433ஏ பிரிவு சேர்ந்தது. அரசியல் சட்டத்தின் 161ஆம் பிரிவு அதையும் தாண்டிப் போக வழிவிடுகிறது. அந்த அதிகாரம் தேவையானதுதான். அதை யாருக்காக, எதைப் பார்த்துப் பயன்படுத்துகிறார்கள் என்பதே நம் கேள்வி.

சிறை மனிதனைத் திருத்தும் என்கிறார்கள். பாளையங்கோட்டை மத்திய சிறையில் கைதிகளைச் சாதிவாரியாகப் பிரித்து வைத்திருந்த செய்தி உச்ச நீதிமன்றம்வரை போனது. சிறைகளில் சாதிப் பாகுபாடு கூடாது என்று தீர்ப்பு வந்ததே 2024 அக்டோபரில்தான். சாதிக்காகக் கொன்றவனைச் சாதிப்படி பிரித்த கொட்டடியில் எத்தனை ஆண்டு வைத்தாலும் அவன் எதிலிருந்து திருந்துவான்?

தண்டனை அச்சம் தரும் என்கிறார்கள். கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்த வழக்கில் நிலவுடைமையாளர்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. எத்தனை ஆண்டு என்ற எண்ணிக்கை ஆதிக்கச் சாதிக்காரனை அச்சுறுத்தாது. தப்ப முடியாது என்ற நிச்சயம்தான் அச்சுறுத்தும்.

அப்படியானால் சாகும்வரை பூட்டி வைக்கச் சொல்கிறேனா? இல்லை. திருந்தியவருக்கும் கதவு திறக்காத சிறையை நாம் கேட்டால், அந்தப் பூட்டு முதலில் விழுவது ஏழையின் மேல்தான். ஆயுள் தண்டனைக்கு ஒரு பயன் உண்டு: கொல்லப்பட்டவரின் உயிருக்கு மதிப்பு உண்டு என்று அரசு ஊரறியச் சொல்வது. பிறந்தநாள் சலுகையாக அதைக் கரைக்கும்போது அந்தச் சொல் பொய்யாகிறது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு, ஜாமீன், பரோல், விடுதலை குறித்த நடவடிக்கைகளில் பாதிக்கப்பட்டோர் தம் தரப்பைச் சொல்ல உரிமை தருகிறது. தலைமைச் செயலகத்தில் நகரும் முன்விடுதலைக் கோப்புக்கும் அந்த உரிமை வர வேண்டும். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பரிசீலித்து, காரணத்தை எழுத்தில் வெளியிட வேண்டும். எல்லாக் கைதிக்கும் ஒரே அளவுகோல் வேண்டும். வெளியே வருபவர் அதே ஊருக்குத் திரும்பினால் சாட்சி சொன்னவர்களுக்குப் பாதுகாப்பு என்ன என்பதும் கோப்பில் இருக்க வேண்டும்.

2022 ஆகஸ்ட் 15இல் குஜராத் அரசு விடுவித்த 11 பேரை, பில்கிஸ் பானு நீதிமன்றம் ஏறி 2024இல் சிறைக்குத் திருப்பி அனுப்பவைத்தார். பாதிக்கப்பட்டவரின் குரலுக்கு அங்கே இடம் கிடைத்தது. அந்த இடம் விடுதலைக்குப் பிறகு போராடிப் பெறுவதாக இருக்கக் கூடாது. கையெழுத்துக்கு முன்பே இருக்க வேண்டும். அடுத்த ஜூன் 30 அன்று மேலவளவில் கூடும்போது, அஞ்சலியோடு இந்தக் கோரிக்கையையும் கொண்டு போவோம்.

ஜெய்பீம்.