நடுங்கும் கையை மறைக்க வேண்டாம்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஆற்றிய உரை)

நான் மருத்துவர் அல்ல. மக்கள் தொடர்பியலில் டிப்ளோமா முடித்து, கேமரா முன்னால் பேசிப் பழகியவள். இன்று என் தாத்தாவின் கையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

ஹுத்தான் மெலிந்தாங் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் அவர். ஐம்பது வயதில் கை நடுங்கத் தொடங்கியது. மடியில் வைத்திருந்தால் அடங்கியிருக்கும். தேநீர்க் குவளையைத் தூக்கினால் பாதி சட்டையில் கொட்டும். வெட்டுக்கத்தி பட்டையைத் தாண்டி மரத்தில் இறங்கியது. கிராணியிடம் ஏச்சு வாங்கினார். லயத்தில், "கள்ளு குடிச்சே கை போச்சு" என்றார்கள். கல்யாண வீட்டில் பந்தியில் உட்காரவே மாட்டார். கடைசிவரை எந்த டாக்டரிடமும் அந்தக் கையை அவர் காட்டவில்லை.

நடுக்கம் என்பது ஒரே நோய் அல்ல. பார்க்கின்சன்ஸ் நோயில் பெரும்பாலும் கை சும்மா இருக்கும்போது நடுங்கும். நடை தளரும், உடல் இறுகும். 'எசென்ஷியல் டிரமர்' என்பது வேறு. ஒரு பொருளைத் தூக்கும்போதும் எழுதும்போதும்தான் கை ஆடும். பல குடும்பங்களில் தலைமுறையாக வரும். இதில் பலருக்குக் கொஞ்சம் மது உள்ளே போனால் நடுக்கம் சற்று நேரம் அடங்கும். போதை இறங்கியதும் திரும்பிவிடும். அது மருந்தாகாது. ஆனால், தாத்தா கள்ளுக்கடைக்குப் போனதன் காரணம் இதுவாக இருக்குமோ என்று இப்போது தோன்றுகிறது. தைராய்டு கோளாறும் சில ஆஸ்துமா மருந்துகளும்கூட நடுக்கம் தரும். ஆகவே, முதலில் எந்த நடுக்கம் என்று தெரிய வேண்டும்.

பலருக்கு மாத்திரையே போதும். மாத்திரைக்கு அடங்காமல், சோற்றை வாய்க்குக் கொண்டுபோக முடியாத நிலை வந்தால்தான் அறுவை சிகிச்சை.

இதில் நம் தமிழர்களின் பங்கும் உண்டு. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1950-இல் நரம்பியல் அறுவைப் பிரிவைத் தொடங்கியவர் டாக்டர் பா. ராமமூர்த்தி. அவருடன் டாக்டர் வி. பாலசுப்பிரமணியம், டாக்டர் டி. எஸ். கனகா ஆகியோர், மண்டையில் சிறு துளையிட்டு, மூளையின் ஆழத்தில் குறித்த புள்ளியை அளந்து எட்டும் அறுவையை வளர்த்தார்கள். ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை நிபுணர்களில் ஒருவரான கனகா 2018-இல் காலமானார்.

அந்தக் காலத்தில் அந்தப் புள்ளியைச் சுட்டு அழித்தார்கள். 1987-இல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் டாக்டர் பெனபிட், வேகமான மின்துடிப்பு கொடுத்தாலே நடுக்கம் நிற்பதைக் கண்டார். அதிலிருந்து பிறந்ததுதான் ஆழ்மூளைத் தூண்டல். மெல்லிய கம்பி மூளைக்குள் இருக்கும். அதை இயக்கும் பேட்டரி நெஞ்சுத் தோலுக்கு அடியில் இருக்கும். பெரும்பாலும் நோயாளி விழித்திருக்கும்போதே கம்பியைச் செலுத்துவார்கள். மூளைக்கு வலி தெரியாது. "ஒரு வட்டம் போடுங்கள்" என்பார் டாக்டர். மின்துடிப்பு சரியான இடத்தில் பட்டால் கோணல் கோடு அங்கேயே நேராகும்.

மண்டையைத் திறக்காமல், ஸ்கேன் இயந்திரத்துக்குள் வைத்து ஒலி அலைகளைக் குவித்துச் சுடும் முறைக்கு 2016-இல் அமெரிக்கா அனுமதி அளித்தது. கம்பியும் பேட்டரியும் அதில் இல்லை. ஆனால் சுட்ட இடம் சுட்டதுதான்; மின்துடிப்பைப்போல் கூட்டிக் குறைக்க முடியாது.

ஆசை காட்டி ஏமாற்ற நான் வரவில்லை. இவை நோயை வேரோடு பிடுங்குவதில்லை. மூளையில் இரத்தக்கசிவு, கிருமித் தொற்று, பேச்சுக் குழறல் போன்ற ஆபத்துகளும் உண்டு. பார்க்கின்சன்ஸ் நோயில் ஞாபகமறதி முற்றியவர்களுக்கு ஆழ்மூளைத் தூண்டல் பொதுவாக ஏற்றதல்ல. கருவிக்குப் பல்லாயிரம் ரிங்கிட் ஆகும்; பேட்டரியையும் காலத்துக்குக் காலம் மாற்ற வேண்டும்.

ஆனால் முதல் படிக்கு அவ்வளவு செலவில்லை. வீட்டில் யாருக்காவது கை நடுங்கினால் அரசாங்க கிளினிக்கிற்கு அழைத்துச் செல்லுங்கள். நரம்பியல் நிபுணரைப் பார்க்கக் கடிதம் கேளுங்கள். எப்போது நடுங்குகிறது, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று எழுதிக்கொண்டு போங்கள்.

"குடிகாரன் கை" என்று மட்டும் சொல்லாதீர்கள். என் தாத்தாவை டாக்டரிடம் போகவிடாமல் தடுத்தது அந்த ஒரு பேச்சுதான்.