தாளும் கலமும்: எரிக் ராவிலியசின் அணிக்கலை

ஓவியம் என்பது சட்டமிட்டுச் சுவரில் மாட்டத்தக்கது என்னும் எண்ணம் ஆங்கில நாட்டிலும் நெடுங்காலம் வேரூன்றியிருந்தது. தேநீர்க் கோப்பைக்கும் புத்தக அட்டைக்கும் வரைபவர் இரண்டாம் தரத்தவராகவே எண்ணப்பட்டார். அந்தத் தரப்பாகுபாட்டைப் பொருட்படுத்தாது உழைத்தவர் எரிக் ராவிலியஸ். 1903இல் இலண்டனை அடுத்த ஆக்டனில் பிறந்த இவர், கடற்கரை ஊராகிய ஈஸ்ட்போர்னில் வளர்ந்தார். அரச கலைக் கல்லூரியில் பால் நாஷ் என்னும் ஓவியரிடம் பயின்றார்.

இவர் முதலில் பெயர்பெற்றது பெரிய சுவர்களில்தான். எட்வர்டு பாவ்டன் என்னும் நண்பருடன் சேர்ந்து இலண்டன் மார்லி கல்லூரியில் தீட்டிய சுவரோவியம் 1930இல் நிறைவுற்றது. அது போர்க்காலக் குண்டுவீச்சில் அழிந்தது. 1933இல் மோர்கம்ப் கடற்கரை விடுதியில் தீட்டிய மற்றொன்று, சாந்தின் ஈரத்தால் விரைவிலேயே உரிந்து சிதைந்தது. உயர்ந்த கலை என மதிக்கப்பட்டவை இவ்வாறு மறைய, கைதவறினால் உடையும் கோப்பைகளும் கிழிந்துபோகும் தாள்களும் எஞ்சி நிற்கின்றன என்பது கருதத்தக்கது.

கிரிக்கெட் அன்பர்கள் இவர் பெயரை அறியாமலே இவர் கைத்திறனை அறிந்திருக்கக்கூடும். விஸ்டன் ஆண்டு நூலின் அட்டையில் 1938 முதல் இடம்பெற்றது இவருடைய மரச்செதுக்குப் படம்; உயரத் தொப்பி அணிந்த பழங்கால ஆட்டக்காரர் இருவர் அதில் நிற்பர். மரச்செதுக்கில் உளி பட்ட இடம் வெள்ளையாகவும் படாத இடம் கறுப்பாகவும் அச்சாகும். இருளிலிருந்து ஒளியை வெட்டி எடுக்கும் தொழில் அது.

இத்திறன் மட்கலத்துக்கு வந்து சேர்ந்த ஆண்டு 1936. பீங்கான் தொழிலில் நீண்ட மரபுடைய வெட்ஜ்வுட் நிறுவனம், எட்டாம் எட்வர்டு மன்னரின் முடிசூட்டு விழாவுக்கு ஒரு குவளையை வடிவமைக்கும் பணியை இவரிடம் ஒப்படைத்தது. அரச இலச்சினை இல்லாமல் தீராது. ஆனால் அதன்மேல் இரவு வானத்தில் வாணவேடிக்கையைச் சிதறவிட்டார் ராவிலியஸ். அரண்மனைப் பொருளாக இருந்திருக்கக்கூடியது தெருத் திருவிழாவாயிற்று. குவளை விற்பனைக்கு வந்தது. அவ்வாண்டு டிசம்பரில் மன்னரோ முடியைத் துறந்தார்! விழா நாள் மட்டும் மாறவில்லை. 1937 மே 12இல் ஆறாம் ஜார்ஜ் முடிசூடினார். குவளையும் அவருக்கேற்பத் திருத்தம் பெற்றது. வாணவேடிக்கை அப்படியே இருந்தது.

அவ்வோவியம் கலத்தில் ஏறும் முறை நோக்கற்குரியது. ஓவியர் தாளில் வரைந்து தருவார். ஆலைச் செதுக்குநர் அதைச் செப்புத் தகட்டில் கீறுவார். தகட்டிலிருந்து மெல்லிய தாளில் அச்செடுத்து, ஈரம் காயுமுன் கலத்தின்மேல் ஒட்டித் தேய்ப்பர். பின் தாளைக் கழுவி நீக்குவர். கோடு கலத்திலே தங்கும். அதன்மேல் தூரிகையால் வண்ணம் நிரப்புவர். ஒரு கோப்பையில் இத்தனை கைகள்! அவர்கள் பெயர்கள் கலத்தின் அடியில் இல்லை. குழந்தைகளுக்கான அகரவரிசைக் கலங்கள், தோட்டக் காட்சித் தட்டுகள், மண்வெட்டியும் பூவாளியும் இடம்பெறும் தோட்டக் கருவி வரிசை ஆகிய யாவும் இவ்வழியே சில ஆண்டுகளுக்குள் உருவாயின. உணவு மேசையில் மண்வெட்டிக்கு இடம் கொடுத்த துணிவு சிறிதன்று.

கலத்தில் கோட்டை விட்டுவிட்டு மறைந்தது அந்தத் தாள். அவர் இல்லத்திலோ தாளே கலையாயிற்று. அவருடைய மாணவியாக இருந்து 1930இல் அவரை மணந்த டர்சா கார்வுட், தாமே தேர்ந்த மரச்செதுக்குக் கலைஞர். திருமணத்துக்குப் பின் உளியைப் பெரும்பாலும் கீழே வைத்துவிட்டார். கணவரின் மோர்கம்ப் சுவரில் அவர் தூரிகையும் உழைத்தது. பின்னர் அவர் மேற்கொண்டது வரித்தாள் தொழில். பழைய பேரேடுகளின் உள்ளட்டையில் காணும் சலவைக்கல் வரிகளை நினைவு கொள்க. பசைநீரில் வண்ணத்தை மிதக்கவிட்டு, தாளை அதன்மேல் படியவைத்து எடுப்பது அம்முறை. டர்சாவின் தாள்களிலோ வரிகள் இலையும் பூவுமாக அடங்கி நிற்கும். செப்புத் தகடு ஒரே கோட்டை ஆயிரம் முறை தரும். பசைநீர் தருவது ஒரே ஒரு முறை. இதில் எது அரிய கலை என்பதை அவ்விருவரின் புகழைக் கொண்டு அளந்தால் விடை பிழைபடும்.

போர் தொடங்கியபின் ராவிலியஸ் அரசின் போர் ஓவியரானார். 1942 செப்டம்பர் 2இல், காணாமற்போன விமானம் ஒன்றைத் தேடி ஐஸ்லாந்திலிருந்து புறப்பட்ட விமானத்தில் சென்றவர் திரும்பவில்லை. அகவை 39. அதே ஆண்டில் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை மருத்துவம் பெற்றிருந்த டர்சா, மூன்று குழந்தைகளை வளர்த்தவாறே மீண்டும் தீட்டத் தொடங்கினார், 1951இல் மறைந்தார். அவர் எழுதிய தன்வரலாறு 2012இல்தான் நூலாயிற்று. அவருக்கெனத் தனியே ஒரு பெருங்காட்சி இலண்டன் டல்விச் ஓவியக்கூடத்தில் 2024இல் திறக்கப்பட்டது.

1953இல் இரண்டாம் எலிசபெத் முடிசூடியபோது வெட்ஜ்வுட் ஆலையார் பழைய வரைபடத்தை மூன்றாம் முறையாக எடுத்தனர். அரசியின் பெயரும் ஆண்டும் புதியவை. வானத்தில் சிதறியது, பதினோராண்டுகளுக்கு முன் மறைந்தவர் ஏற்றிய அதே வாணவேடிக்கை.