வயதும் புதுமையும்



46 வயதாகும் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மாதச் சந்தாவைக் கைபேசி வழியாகவும் செலுத்த வகை செய்யலாம் என்று இளைஞர்கள் கூறியபோது, "இத்தனை ஆண்டுகள் நோட்டும் ரசீதும் போதவில்லையா?" என்று முதலில் மறுத்தவன் நானே. பின்னர் காரணம் தேடினேன். மார்க்கத்தில் தடை ஏதுமில்லை. எனக்குத் தெரியாது என்பதைச் சிறியவர்கள் முன் காட்டிக்கொள்ள வெட்கமாயிருந்தது, அவ்வளவுதான்.

ஹிஜ்ரி 5ஆம் ஆண்டில் (கி.பி. 627) ஏறத்தாழ 10,000 பேர் கொண்ட படை மதீனாவை நோக்கி வந்தது. அகழ் வெட்டி ஊரைக் காக்கும் முறை அரபியருக்குப் பழக்கமில்லாதது. அது பாரசீக வழக்கம். அதனை எடுத்துரைத்தவர் அந்நாட்டவரான ஸல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்கள். அப்போது பெருமானார் (ஸல்) அவர்களுக்கு வயது 57 அளவில் இருக்கும். முன்னோர் செய்யாதது என்று அவர்கள் ஒதுக்கவில்லை. ஏற்றுக்கொண்டதோடு நில்லாமல், தாமே மண் சுமந்தார்கள். அவ்வகழைத் தாண்ட வழியின்றி அப்பெரும்படை சில வாரங்களில் திரும்பிச் சென்றது.

இளைஞர்களுக்கும் ஒரு சொல். பெரியவர் கேட்டால் கைபேசியை வாங்கி நீங்களே அழுத்திக் கொடுத்துவிடுகிறீர்கள். அடுத்த மாதமும் அவர் உங்களையே தேடி வருகிறார். வங்கியின் இரகசிய எண்ணையும் சொல்லிவிடுகிறார். அது ஆபத்து. மூன்று முறை மறந்தாலும் அவர் விரலாலேயே அழுத்தச் செய்யுங்கள்.

வரும் சனிக்கிழமை இஷாவுக்குப் பின் மதரஸாவில் அமர்வோம். முதல் மாணவனாக நான் வருகிறேன். நோட்டும் ரசீதும் தொடரும். அவற்றையே விரும்புவோர் தயங்க வேண்டாம்.